காணாமல் போன க்ரீம் கார்

“யக்கா, என் தோஸ்து ஜெயில்ல களி துன்னுகினு கீறான். நாம இன்னாடான்னா பொம்மை காரைத் தேடிகினு போறோம். நாளைக்கு எவனாவது மரப்பாச்சிக்கு ஜொரம்னு சொன்னா, தெர்மாமீட்டர் எடுத்துகினு ஓடுவோமா?”

லூர்து இதைக் கேட்டுவிட்டு மாரிஸ் மைனரின் கியரை ஓர் அடி அடித்தான். கியர் அவன் கட்சியில் சேர்ந்துகொண்டு உறுமியது. பக்கத்து ஸீட்டில் இருந்த ஞானசெல்வி கண்ணாடி வழியாகத் துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோட்டார் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், மோதி நொறுங்கிய வண்டிகளைப் பார்வையிடும் வேலையில் இருந்தவள் அவள். மேனேஜரின் மச்சான் கொண்டுவந்த வண்டியில் பழைய அடி எது, புதிய அடி எது என்று சரியாகச் சொல்லிவிட்டாள். கம்பெனி அவள் திறமையைப் பாராட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இப்போது ராயபுரத்தில், ஐஸ் டிப்போவுக்கு மேல் மாடியில், ‘ஞானசெல்வி துப்பறியும் நிலையம்’. உதவியாளன் லூர்து, முன்னாள் டாக்ஸி டிரைவர். பிரயாணிகளுக்குப் பதில் சொல்லியே பிழைப்பைக் கெடுத்துக்கொண்டவன்.

அவனுடைய தோஸ்து வேலப்பன் வியாசர்பாடிக்காரன், லாரி டிரைவர். போன மாதம் ஒரு விடியற்காலையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தவன், ரோட்டோரம் அடிபட்டுக் கிடந்த மீன்காரி ஒருத்தியைப் பார்த்து லாரியை நிறுத்தினான். தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். நிறுத்தியதுதான் அவன் செய்த குற்றம். கீழே கிடந்தவளின் அலுமினிய அன்னக்கூடையில் சிவப்பாக ஏதோ பெயிண்ட் இழுவியிருந்தது. வேலப்பனின் லாரியும் சிவப்பு. சிவப்புக்குச் சிவப்பு சரியாகப் போயிற்று என்று இன்ஸ்பெக்டர் கருணாகரன் கேஸை முடித்துவிட்டு டீ குடிக்கப் போனார். அடிபட்டவளுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

“வேலப்பன் கேஸுல நூல் முனை எதுவும் கிடைக்கலை லூர்து,” என்றாள் ஞானசெல்வி. “கிடைச்சா விடுவேனா?”

“பொம்மை கேஸுல மட்டும் இன்னா கெட்ச்சுது?”

“ஒரு பெரிய மனுஷன், வீட்டுல திருட்டுப் போச்சுன்னு போன் பண்ணி, ‘போலீஸுக்கு மட்டும் தெரியவேண்டாம்’னு மூணு தடவை சொன்னார். அது கெட்ச்சுது.”

“அது சரிதான்,” என்றான் லூர்து. அவனைப் பொறுத்தவரை அது பெரிய சலுகை.

அந்தப் பெரிய மனுஷர் அருள்நாதன். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி முதல் ஆணி வரை சப்ளை செய்கிற காண்டிராக்டர். பங்களா கடலைப் பார்த்து இருந்தது. போர்டிகோவில் நீளமான ஜெர்மன் கார் ஒன்று, க்ரீம் நிறத்தில், வெண்ணெயில் செய்தது போல நின்றது.

லூர்து விசில் அடித்தான். “அடேங்கப்பா! இந்த வண்டிக்கு ஆரன் அடிச்சா கோயில் மணி மாதிரி கேக்கும்.”

ஞானசெல்வி காரின் பக்கமாகக் குனிந்தாள். கதவின் அடிப்பகுதியில் பெயிண்ட் வழிந்து, மெழுகுவர்த்தியின் ஓரம் போல உறைந்திருந்தது. கைப்பிடிக்குக் கீழே ஒரு கொசு, பெயிண்டுக்குள் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. அவள் அதை விரலால் தடவிவிட்டு நிமிர்ந்தாள்.

“வாங்க, வாங்க! என் பிள்ளைகளைப் பார்த்துட்டு அப்புறம் பேசுவோம்,” என்று வரவேற்றார் அருள்நாதன். பட்டுக் கவுன், வாயில் வெள்ளிப் பூண் போட்ட பைப். பிள்ளைகள் என்று அவர் சொன்னது மாடி அறையின் கண்ணாடி அலமாரியில் அணிவகுத்திருந்த பொம்மைக் கார்களை. உண்மையான பிள்ளைகள் இருவர் பெங்களூர் ஹாஸ்டலில் இருந்தார்கள். அவர்களுக்குக் கண்ணாடி அலமாரி கிடையாது.

பொம்மை என்று லூர்து வாய்தவறிச் சொன்னதும் அருள்நாதனுக்குச் சுருக்கென்றது.

“பொம்மை இல்லை மிஸ்டர். ஸ்கேல் மாடல். நிஜக் காரை இருபத்துநாலில் ஒரு பங்கா குறைச்சது. துண்டு துண்டா டப்பாவுல வரும். ஜெர்மன் கப்பல் எஞ்சினீயர் ஒருத்தர் எனக்காகக் கொண்டுவருவார். நான் ஒட்டுவேன். ஆனா ஒட்டறது யார் வேணும்னாலும் செய்யலாம். பெயிண்ட்! அங்கேதான் ஆம்பளை யாருன்னு தெரியும்.”

மேஜை மேல் ஒரு பேனா அளவுக்கு, ஸ்டூடியோக்காரர்கள் போட்டோ திருத்துகிற மாதிரியான, பெயிண்டைக் காற்றில் ஊதுகிற ஏர் பிரஷ் படுத்திருந்தது. அதன் ரப்பர் குழாய், செத்துப்போன ஒரு ஃப்ரிட்ஜிலிருந்து பிடுங்கிய கம்ப்ரசரில் போய் முடிந்தது.

“டப்பாவோட வர்ற பெயிண்ட் குழந்தைகளுக்கு. நான் நிஜக் கார் பெயிண்டுதான் அடிப்பேன். கார் எந்த டப்பாவோ, மாடலும் அதே டப்பா. ஆனா கார் பெயிண்ட் பொல்லாதது. அதுல இருக்கிற தின்னர், பிளாஸ்டிக்கை அப்பளம் மாதிரி நெளியவெச்சிடும். முதல்ல அடிப்பூச்சு, ப்ரைமர். அது காஞ்சதும், பாலுக்குத் தண்ணி ஊத்தின மாதிரி பெயிண்டைக் கலந்து, மூச்சு விடற மாதிரி ஒரு கோட்டு. காயணும். தண்ணி தொட்டு வாட்டர் பேப்பர்ல வழவழன்னு தேய்க்கணும். இன்னொரு கோட்டு. பதினாலு கோட்டு! கடைசியில பாலிஷ். முகம் பார்த்து ஷேவ் பண்ணலாம்.”

“ரொம்பச் சின்ன மூஞ்சா இருந்தா,” என்றான் லூர்து.

ஞானசெல்வி அலமாரியைப் பார்த்தாள். கறுப்பு, இலைப்பச்சை, சாம்பல். அவர் இதுவரை வைத்திருந்த கார்கள் அத்தனையும் சின்னதாக. ஒவ்வொன்றும் குளத்துத் தண்ணீர் போலப் பளபளத்தது. வரிசையின் கடைசியில் இடம் காலி.

“போனது எது?”

“கீழே நிக்குதே, அதோட மாடல். அதே க்ரீம். ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போயிட்டு வந்து பார்க்கிறேன், இல்லை. அன்னிக்கே என் சமையல்காரி ஆலிஸ் வேலையை விட்டு நின்னுட்டா. அவ வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். பூட்டிக்கிடக்கு. அவளைப் பிடிங்க. மாடல் யார் கண்ணுலயும் படாம, நேரா என் கைக்கு வரணும்.”

“யார் கண்ணுலயும் ஏன் படக்கூடாது?”

“தூசு பட்டுடும்,” என்றார் அருள்நாதன்.

ஞானசெல்வி தலையை ஆட்டிக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். மேஜைக்கு நேர் மேலே, சுவரில், பெயிண்ட் புகையை வெளியே தள்ளுகிற சின்ன மின்விசிறி பதிந்திருந்தது. “இதைக் கொஞ்சம் நிறுத்தலாமா? சத்தத்துல யோசனை வரமாட்டேங்குது.”

விசிறி நின்றது. அவள் ஸ்டூலில் ஏறி, கைக்குட்டையால் அதன் இறக்கை ஒன்றைத் துடைத்துப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

“இந்த ரூமைத் தவிர வேற எங்கேயாவது நீங்க ஸ்ப்ரே பண்றதுண்டா?”

“எந்த மாடலையும் இந்த மேஜையை விட்டு நகர்த்தினதில்லை.”

அதோடு விசாரணை முடிந்தது. அருள்நாதன் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். அங்கேதான் லூர்துவின் வாழ்க்கையில் மறக்கமுடியாத அதிர்ச்சி காத்திருந்தது. தட்டில் வந்தது டின் மீன்! ஜன்னலுக்கு வெளியே கடல். கூப்பிடு தூரத்தில் காசிமேடு. கட்டுமரங்கள் கரைக்கு வந்துகொண்டிருக்கின்றன. உள்ளே, எண்ணெயில் ஊறிய, ஏதோ ஒரு நாட்டு மத்தி.

“இன்னா சார் இது? ராயபுரத்துல குந்திகினு டின் மீனா? அல்லேலூயா சொல்ற வூட்டுல செய்யற காரியமா?”

“என்ன பண்றது? பின்கட்டுக்குத் தினம் மீன்காரி ஒருத்தி வருவா. வஞ்சிரம்னா அவகிட்டதான் வாங்கணும். ஒரு மாசமா வரலை.”

“ஏன்?” என்றாள் ஞானசெல்வி.

“யாருக்குத் தெரியும்?”

“அவ பேரு?”

அருள்நாதன் யோசித்தார். பைப்பை எடுத்துப் பார்த்தார். “மீன்காரி,” என்றார்.

வெளியே வந்ததும் லூர்து, “யக்கா, ஆலிஸைப் புடிக்கணும்னா எங்க சின்னம்மாவைக் கேட்டா போதும். ராயபுரத்துல சின்னம்மாவுக்குத் தெரியாத ஆலிஸு கெடையாது,” என்றான்.

“முதல்ல காசிமேட்டுக்குப் போ. இந்த பங்களாவுக்கு மீன் போட்டது யாருன்னு கேளு.”

“திருடியைத் தேடணுமா, வஞ்சிரம் தேடணுமா?”

“கேளு லூர்து.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே போய் ஏலம் நடக்கிற இடத்தில் நுழைந்தான். திரும்பி வரும்போது அவன் முகத்தில் கிண்டல் ஒரு சொட்டுகூட இல்லை.

“யக்கா,” என்றான் மெதுவாக. “குப்பம்மா.”

“எந்தக் குப்பம்மா?”

“நம்ம குப்பம்மா. எண்ணூர் ரோட்டுல அடிபட்டு ஆஸ்பத்திரியில கீறாங்களே. வேலப்பன் தூக்கினு போனானே, அவங்க. அவங்கதான் இந்த வூட்டுக்கு மீனு போட்டவங்க.”

ஞானசெல்வி காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். “அவங்க வீடு எங்கே?”

“காலடிப்பேட்டை.”

“விடு வண்டியை.”

குப்பம்மா ஒண்டியாள். ஆனால் காலடிப்பேட்டையில் அவள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே அடுப்பு எரிந்தது. கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டிருந்த பெண்மணி, கழுத்தில் சிலுவைச் சங்கிலி, நெற்றியில் வியர்வை, இவர்களைப் பார்த்ததும் கரண்டியை ஆயுதம் போலப் பிடித்தாள்.

“ஆலிஸ்?” என்றாள் ஞானசெல்வி.

“இல்ல. நான் வேற.”

“பூட்டின வூட்டை வுட்டுட்டு இங்க வந்து கஞ்சி காய்ச்சற ஆலிஸு,” என்றான் லூர்து. “பயப்படாதீங்க ஆன்ட்டி. நானும் நம்ம கோயில் பார்ட்டிதான். மூணாவது பெஞ்சுல தூங்குவேனே.”

ஆலிஸ் அவனை உற்றுப் பார்த்தாள். “கொறட்டை வுடுவியே, அந்தப் புள்ளையா?”

“அதே புள்ளைதான்.”

“அந்தாளு அனுப்பிச்சாரா? திருடின்னு சொன்னாரா?”

“சொன்னார்,” என்றாள் ஞானசெல்வி, அடுப்புப் பக்கத்தில் மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு. “க்ரீம் கலர் மாடலைத் திருடிட்டீங்களாம். ஆனா நீங்க எடுத்தது க்ரீம் இல்லை. சரிதானே?”

கரண்டி கீழே இறங்கியது.

லூர்து ஒரு பக்கம் ஆலிஸையும் மறுபக்கம் ஞானசெல்வியையும் பார்த்தான். “யக்கா, எனக்கும் கொஞ்சம் ஊத்து. இன்னா நடக்குது?”

“அந்த ரூம்ல இருந்த மின்விசிறி, பெயிண்ட் புகையை வெளியே தள்ளறது. எந்தக் கலர் அடிச்சாலும் அதோட இறக்கையில ஒரு படலம் படியும். துடைச்சுப் பார்த்தேன். கறுப்பு, அதுக்கு மேல பச்சை, அதுக்கு மேல சாம்பல். அலமாரியில இருக்கிற அதே வரிசை. எல்லாத்துக்கும் மேல என்ன இருக்கணும்?”

“க்ரீமு.”

“க்ரீம் அந்த ரூமுக்குள்ளேயே வரலை. மேல இருந்தது பீட்ரூட் கலர்.”

அன்னக்கூடையில் இழுவியிருந்த அந்தச் சிவப்பு லூர்துவின் கண்முன் வந்தது. வேலப்பனுக்காக வாதாடப் போய், ஸ்டேஷனில் அதை அவனே பார்த்திருக்கிறான்.

“இன்னொண்ணு,” என்றாள் அவள். “பொம்மைக்குப் பதினாலு கோட்டு அடிக்கிற மனுஷன், வாசல்ல நிக்கிற நிஜக் காருல பெயிண்ட் வழிசலோட, கொசுவோட ஒரு நாள் பொறுத்துக்குவாரா? அந்தக் கார் எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் போகலை. அவசரத்துல, ஆள் வெச்சுக்கப் பயந்து, அவரே அடிச்சது.”

ஆலிஸ் எழுந்து, அரிசிப் பானைக்குள் கையைவிட்டு, பழைய துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். பிரித்தாள்.

ஒரு சாண் நீளத்துக்கு ஒரு ஜெர்மன் கார், பீட்ரூட்டை நறுக்கினால் தெரிகிற அந்த ஆழமான சிவப்பில். கூரையில் அடுப்பு வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது. லூர்து டாக்ஸி ஓட்டிய காலத்திலும் இத்தனை அழகாகப் பெயிண்ட் அடித்த வண்டியைக் கண்டதில்லை. அதை நினைக்கவே அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

“இத்த முடிச்ச அன்னிக்கு அடுப்பங்கரைக்கே எடுத்தாந்து காட்டினாரும்மா,” என்றாள் ஆலிஸ். “‘கல்கத்தாவுல ஒரு வெளிநாட்டுத் தூதர், கான்சல் துரைகிட்ட வாங்கியிருக்கேன் ஆலிஸ், கப்பல்ல வந்து எண்ணூர் கொடௌனுல நிக்குது, அச்சு இதே கலரு, காரோடயே குடுத்த டப்பாவுல இருந்து அடிச்சேன், தொடாம பாரு’ன்னாரு. அப்பால வூட்டுக்கு வந்த காரு பாத்தா வெள்ளையா கீது. பெரிய மனுசன், மனசு மாறியிருக்கும்னு வுட்டுட்டேன். ஆஸ்பத்திரியில கீற குப்பம்மாவுக்குக் கஞ்சி காய்ச்ச இங்க வந்தப்போதான், இவங்க அன்னக்கூடை மூடியப் பாத்தேன். போலீசு கூடையத்தான் எடுத்துகினு போச்சு. மூடி, ஆஸ்பத்திரியில குடுத்த துணிமூட்டையோட இங்கியே கெடந்துது. அதுல இந்தக் கலரு.”

பரணிலிருந்து நசுங்கிய அலுமினிய மூடியை எடுத்தாள். அதில் இழுவியிருந்த பெயிண்டை மாடலின் கதவோடு சேர்த்துப் பிடித்தாள். எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

“போலீசுக்குப் போவலாம்னா, திருடின பொருளு. மொதல்ல என்னைப் புடிச்சி உள்ள தள்ளுவாங்க. இத்தயும் அவருகிட்டயே குடுத்துடுவாங்க. அவரு இன்னொரு க்ரீமு டப்பாவோட காத்துகினு கீறாரு. அப்பால கேக்க நாதியில்ல. அதான் பானையில வெச்சிகினு ஒக்காந்திருந்தேன்.”

இன்ஸ்பெக்டர் கருணாகரன் முழுக் கதையையும் கேட்டார். மூடியைப் பார்த்தார். மாடலைப் பார்த்தார். பிறகு லூர்துவைப் பார்த்து, “இதை வேலப்பனே பெயிண்ட் அடிச்சிருக்கமாட்டான்னு என்ன நிச்சயம்?” என்றார்.

“அவன் லாரிக்கே பெயிண்ட் அடிச்சதில்ல சார். துருதான் தானா ஒரு கலரு குடுத்துச்சி.”

“நேரா போய் அந்த க்ரீமைச் சுரண்டிப் பார்க்கலாமே?” என்றாள் ஞானசெல்வி.

“ஊர்ப் பெரிய மனுஷன் காரைச் சுரண்ட நான் என்ன பெருச்சாளியா? அந்த வண்டி சிவப்பா இருந்ததுன்னு சொல்ல வேலையை விட்ட சமையல்காரி ஒருத்தி. வண்டியோட பழைய பேப்பர் இன்னும் கல்கத்தாவுலேருந்து வரலை. அவரே வாயால சொன்னா ஒழிய என்னால தொடமுடியாது.”

“சொல்லுவார்,” என்றாள் ஞானசெல்வி. “நீங்க யூனிஃபார்மைக் கழட்டிட்டு வரணும். அவ்வளவுதான்.”

கருணாகரன் தயங்கினார். அவர் சோம்பேறி, ஆனால் திருடன் இல்லை. தப்பான ஆளை உள்ளே வைத்திருக்கிறோமோ என்கிற சந்தேகம் அவருடைய டீயைக் கசக்கவைத்திருந்தது. “நடக்கலைன்னா?”

“லூர்துவை உள்ளே போட்டுக்குங்க.”

“யக்கா!” என்றான் லூர்து.

மறுநாள் காலை அருள்நாதனின் ஹாலில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பூப்போட்ட சட்டையில் இருந்த கருணாகரனை, பெரம்பூரில் பொம்மைகள் சேர்க்கிற ரயில்வேக்காரர் என்று ஞானசெல்வி அறிமுகப்படுத்தினாள். அந்தச் சட்டைக்கு அந்தப் பொய் பொருத்தமாகவே இருந்தது.

“ஆலிஸ் கிடைச்சாளா?” என்றார் அருள்நாதன்.

“உங்க பொருள் கிடைக்கலை சார். மன்னிக்கணும். மூர் மார்க்கெட் வரைக்கும் தேடிட்டோம். க்ரீம் கலர்ல ஒண்ணுமே இல்லை. இது ஒண்ணுதான் கிடைச்சுது.”

அவள் துணியைப் பிரித்து மேஜை மேல் வைத்தாள். பீட்ரூட் நிறத்தில் அது பளபளத்தது. அருள்நாதன் பைப்பைக் கடித்த சத்தம் லூர்துவுக்குக் கேட்டது.

“இது உங்களுது இல்லைன்னு பார்த்தாலே தெரியுது,” என்றாள் ஞானசெல்வி. “உங்களுது க்ரீம் ஆச்சே. அதனால இவருக்கே குடுத்துடலாம்னு. பையன் விளையாடறதுக்குக் கேக்கறார்.”

“வே... வேண்டாம். இங்கேயே வெச்சுட்டுப் போங்க. நான் வெச்சுக்கறேன்.”

“உங்களுது இல்லாததை எப்படி சார் குடுக்க முடியும்?”

“என்னுது இல்லை. இல்லைதான். ஆனா நல்ல மாடல். அதான்.”

“நல்ல மாடலா!” லூர்து அதைக் கையில் எடுத்தான். இதற்காகத்தான் அவனை அழைத்து வந்திருந்தாள். ஆயுள் முழுக்க வாயால் கெட்டவனுக்கு, வாயாலேயே ஒரு நல்ல காரியம் செய்யச் சந்தர்ப்பம்.

“இன்னா சார் நீங்க, வெவரம் தெரிஞ்சவரு. இத்தப் போயி நல்லதுன்றீங்க? இத்த அடிச்சவன் கை நடுங்குது சார். பாருங்க, கூரை முச்சூடும் சாத்துக்குடித் தோலு மாதிரி புள்ளி. ப்ரைமரே அடிக்கல போல. கதவாண்ட பெயிண்ட்டு கட்டி கட்டியா நிக்குது.”

அருள்நாதனின் காதுகள் சிவந்தன. “அங்கே கட்டி எதுவும் இல்லை.”

“மிஞ்சிப் போனா ரெண்டு கோட்டு. அதுவும் தொடப்பத்தால அடிச்சிருக்கான். நம்ம கல்மண்டபம் ரிக்சாவுக்கு கமால் பாய் இதைவிட ஷோக்கா அடிப்பாரு. வீதியில விக்கற பீப்பீ ஊதல் கலருதான் சார் இது. எவனோ கத்துக்குட்டி.”

“கீழே வை அதை.”

“தோ, நெகத்தால கீறினா உரிஞ்சிகினு வரும் பாருங்க...”

“தொடாதேடா!” அருள்நாதன் பாய்ந்து பிடுங்கினார். “கத்துக்குட்டியா? யாரைப் பார்த்துடா கத்துக்குட்டின்னே? பதினாலு கோட்டு! ஒவ்வொண்ணும் காயவெச்சு, வாட்டர் பேப்பர்ல தேய்ச்சு! கான்சல் காரோட குடுத்த டப்பாவுலேருந்தே எடுத்து, என் காரும் இதுவும் பக்கத்துல வெச்சா கடவுளே வந்தாலும் வித்தியாசம் சொல்லமுடியாது! ரிக்‌ஷாவாம்! தொடப்பமாம்!”

பூப்போட்ட சட்டைக்காரர் தொண்டையைச் செருமினார். “உங்க கார் க்ரீம் ஆச்சே சார்?”

அருள்நாதன் கையில் மாடலோடு அப்படியே நின்றார். பிறகு அவர் பேசியது எல்லாமே, சிந்திய பாலைக் கையால் அள்ளுகிற வேலை. தமாஷுக்குச் சொன்னேன் என்றார். நீங்கள் யார் என்றார். கருணாகரன் தன் பெயரையும் உத்தியோகத்தையும் சொன்னதும், “அப்போ முதல்ல அந்தத் திருடி ஆலிஸைப் பிடிங்க!” என்று கத்தினார்.

“புகார் குடுத்திருக்கீங்களா? போலீஸுக்கே தெரியக்கூடாதுன்னு சொன்னீங்களாமே. தெரியாததை எப்படி சார் பிடிக்கிறது?”

எல்லோரும் போர்டிகோவுக்கு இறங்கினார்கள். இப்போது இன்ஸ்பெக்டருக்குக் காரணம் கிடைத்திருந்தது. முன்பக்க மட்கார்டில், பட்டி வைத்துப் பூசி மறைத்த இடத்துக்குப் பக்கத்தில் பேனாக்கத்தியை வைத்துச் சுரண்டினார். க்ரீம், காய்ந்த பாலாடை போல உரிந்தது. அடியிலிருந்து பீட்ரூட் எட்டிப் பார்த்தது.

அதற்கு மேல் அருள்நாதன் எதையும் மறைக்கவில்லை. கொடௌனிலிருந்து காரை முதல் முதலாக எடுத்த காலை அது. விடியலில் ரோடு காலியாக இருக்கும், எத்தனை வேகம் போகிறது பார்க்கலாம் என்று ஆசை. ஏதோ தட்டியது. கண்ணாடியில் பார்த்தபோது கூடை உருண்டது. திரும்பி நேரே கொடௌனுக்கு. கப்பல் வேலைக்கு வைத்திருந்த பெயிண்டை, இருட்டுவதற்குள் ஒற்றை ஆளாக அடித்து முடித்தார்.

“பொம்மைக்குப் பதினாலு கோட்டு அடிக்கப் பொறுமை இருந்திருக்கு,” என்றாள் ஞானசெல்வி. “ஒரு பிரேக் அடிக்க இல்லை.”

ஜீப்பில் ஏறுமுன் அருள்நாதன் லூர்துவின் பக்கம் திரும்பினார். குரல் உடைந்திருந்தது. “கூரையில சாத்துக்குடித் தோல்னு சொன்னியே. எந்த இடத்துல?”

லூர்து தலையை ஆட்டினான். “எங்கியுமே இல்ல சார். சுத்தமா கீது.”

அந்த மனிதரின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைக் கண்டதும் லூர்து ஜீப்புக்கு முதுகைத் திருப்பிக்கொண்டான்.

வேலப்பன் வெளியே வந்த வாரத்தில்தான் குப்பம்மாவுக்கு நினைவு தெளிந்தது. கால் இனிமேல் பழையபடி ஊன்றாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆலிஸ் தலைமாட்டில் நின்று கஞ்சி ஊட்டினாள். கால்மாட்டில் வேலப்பன், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். தன்னைத் தூக்கி வந்தவன் இவன்தான் என்று கேட்டதும், குப்பம்மா அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “என்னால ஒனக்கு எம்மாம் பேஜாரு நைனா,” என்றாள்.

பிறகு இடித்தது யார் என்று கேட்டாள். லூர்து சொன்னான்.

அவள் கஞ்சிக் கரண்டியைக் கையால் விலக்கினாள். “அந்த வூட்டுக்காரரா? என் கல்யாணத்துக்கு முந்தியிலேருந்து மீனு போடறேனே. வஞ்சிரத்துல நடுத்துண்டுதான் அவருக்கு. வாலாண்ட குடுத்தா திருப்பி அனுப்பிச்சிடுவாரு.” மூச்சு வாங்கியது. “கீழ கெடந்தது நான்னு தெரிஞ்சிதான் நிக்காம போனாரா?”

லூர்து ஞானசெல்வியின் பக்கம் திரும்பினான். ஞானசெல்விதான் சொன்னாள்: “இல்லம்மா. நீங்கன்னு தெரியாது. உங்க பேருகூட அவருக்குத் தெரியலை.”

குப்பம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“நான்னு தெரிஞ்சே வுட்டுட்டுப் போயிருந்தாகூட, ஒரு மரியாதை இருந்திருக்கும்,” என்றாள்.